மூன்று பாண்டா, எண்ணிக்கை சரி

சுற்றுலாப் பேருந்தில் இருபத்திரண்டு வருடமாக நடத்துநராக இருக்கும் அவருக்கு, கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் தலையெண்ணி. வண்டி எங்கே நின்று கிளம்பினாலும் விரலை நீட்டி இருக்கை இருக்கையாக எண்ணுவார். நாற்பத்திரண்டு வந்தால்தான் “சரி, போலாம்” என்பார். ஒரு முறை வேறு வண்டிப் பெரியவர் ஒருவர் இதில் ஏறித் தூங்கிவிட்டார், இந்த வண்டிப் பயணி ஒருவர் கழிப்பறையிலேயே நின்றுவிட்டார். அன்றைக்கும் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது என்று இன்றுவரை சாதிப்பார். மற்றபடி தங்கமான மனிதர்.

அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் எட்டு வயது வாயாடி. கடைக்குட்டிக்கு நாலு வயது, அவன் இருக்கும் இடம் ஊருக்கே தெரியும். இரண்டு பேருக்கும் நடுவில் ஆறு வயதில் ஒரு பெண், இருக்கும் இடமே தெரியாது. மூன்றையும் வளர்ப்பது ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவி. எண்ணுவது இவர்.

நல்ல சேவைக்குப் பரிசாக கம்பெனி அவரைக் குடும்பத்தோடு ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் விடுதிக்கு ஒரு நாள் அனுப்பிவைத்தது. அறைக்குள் நுழைந்ததும் மனைவி கட்டிலில் விழுந்தாள். ஒரு வாரமாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

“என்னங்க, மூணு பேரையும் சாப்பிட வச்சுக் கூட்டிட்டு வாங்க. எனக்கு ஒரு மணி நேரம் போதும். நடுவுள்ளவளப் பாத்துக்கோங்க, அவ ஒழுங்காவே சாப்பிட மாட்டா. முடியும்ல உங்களால?”

அந்தக் கடைசிக் கேள்வி அவரைச் சுருக்கென்று தைத்தது. “நாப்பத்திரண்டு பேரச் சமாளிக்கிறவனுக்கு மூணு பேரு ஒரு விஷயமா?” என்று விறைப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பிள்ளைகளை வயிறாரச் சாப்பிட வைத்து, சொன்ன நேரத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அவள் வாயாலேயே பாராட்டு வாங்கியாக வேண்டும்.

உணவகம் மூங்கில் காடு மாதிரி கட்டப்பட்டிருந்தது. பரிமாறுகிறவர்கள் எல்லாருக்கும் பின்னால் வால் தொங்கியது. வாசலில் ஒரு பெண், உடுப்பில் கறை படாமலிருக்க என்று சொல்லி, வந்த குழந்தைகளுக்கெல்லாம் தலையோடு சேர்த்து மூடும் கறுப்பு வெள்ளை அங்கியை மாட்டி, முகத்தில் வெள்ளை பூசி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டம் போட்டு அனுப்பினாள். உள்ளே அறுபது குழந்தைகளுக்கு மேல். பெற்றவளே திகைக்கும்படி அத்தனையும் பாண்டா! இப்படி ஒரு யோசனை எந்தப் புண்ணியவான் தலையில் உதித்ததோ.

உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, முரசு முழங்கியது. ஆளுயரப் பாண்டா ஒன்று ஆடிக்கொண்டே வந்தது. பாண்டாக் குட்டிகள் எல்லாம் அதன் பின்னால் ரயில் கோத்து, சாப்பாட்டு மேசைகளைச் சுற்றி ஓடின. பெற்றோர்கள் அவசர அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். முரசு நின்றதும் அவரவர் மேசைக்குக் குட்டிகள் ஓடிவந்தன. இவர் விரலை நீட்டினார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு. சரி, சாப்பிடுங்க.”

அதன்பிறகு நடந்தது அவரே எதிர்பாராதது. நடுவுள்ளவள் ஒரு தட்டு நூடுல்ஸை ஒரே மூச்சில் முடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். குரல் கொஞ்சம் கட்டியிருந்தது. வழியில் தின்ற ஐஸ்க்ரீமின் வேலை என்று நினைத்துக்கொண்டார்.

“அப்பா, இது பாப்பா இல்ல” என்றான் மூத்தவன்.

“சாப்பிடும்போது என்னடா பேச்சு?”

“நெஜமாப்பா…”

“இன்னொரு வார்த்த பேசுனா கேக் கிடையாது.”

மூத்தவன் வாயை இறுக மூடிக்கொண்டான். கேக் என்று வந்துவிட்டால் தங்கையாவது ஒன்றாவது! இவர் மூன்றாவது தட்டோடு பாண்டாவைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினார். ‘அவளா? நம்பவே முடியலையே!’ என்று பதில் வந்தது. இருபத்திரண்டு வருட சர்வீஸில் இப்படி ஒரு பெருமையை அவர் அனுபவித்ததில்லை.

மூன்று தட்டு உள்ளே போனால் வயிறு சும்மா இருக்குமா? பாண்டா நெளிந்தது. பெண்கள் கழிப்பறை வாசலுக்குக் கூட்டிப்போய், அங்கே நின்ற பணிப்பெண்ணிடம் ஒப்படைத்தார். பாண்டா கதவைப் பிடித்துக்கொண்டு அலறியது.

“நான் பையன்! நான் பையன்!”

பணிப்பெண் தலைமூடியைத் தள்ளினாள். ஒட்ட வெட்டிய தலை, முன்பல் இரண்டு இல்லாத வாய். யார் பெற்ற பிள்ளையோ, இவரைப் பார்த்து நிம்மதியாக ஒரு ஏப்பம் விட்டது.

மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு அவர் மேனேஜரைத் தேடி ஓடினார். புலிவால் வைத்த மேனேஜர் பதறவே இல்லை. வாசல் நோட்டைப் பார்த்தார், கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி எண்ணினார், திரும்பி வந்தார்.

“அறுபத்தி மூணு பாண்டா உள்ள வந்திருக்கு சார். அறுபத்தி மூணும் இருக்கு. யாரும் வெளிய போகல. எண்ணிக்கை சரி.”

“எண்ணிக்கைய வச்சு நான் என்னய்யா பண்றது? என் பொண்ணு எங்க?” என்று கத்தியவர், தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டார்.

“ஏதாவது அடையாளம் சொல்லுங்க சார். மச்சம், தழும்பு?”

அவர் “ஆறு வயசு” என்றார். கொஞ்சம் யோசித்து, “பொண்ணு” என்றார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் எதுவுமே இல்லை. வெட்கத்தில் காது சுட்டது.

“அப்பா, இப்ப பேசலாமா?” என்றான் மூத்தவன். “தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டுனா பாப்பா சாப்பிட மாட்டா. அந்த மாதிரி தட்டு எங்க இருக்குன்னு பாருங்க.”

கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, முன்பல் இல்லாதவனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். பலர் முறைத்தார்கள். ஜன்னலோர மேசையில் ஒரு பாண்டாவின் முன்னால் ஐந்து சின்னக் கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் சோறு, ஒன்றில் பட்டாணி, ஒன்றில் முட்டை, மற்ற இரண்டில் வேறு ஏதேதோ, எதுவும் எதையும் தொடவில்லை. பாண்டா காலை ஆட்டிக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

“வாங்க, உங்க பொண்ணா?” என்றார் பக்கத்தில் இருந்த அம்மா. அவருக்கு அங்கே வேறு மூன்று பிள்ளைகள். “உக்காந்ததுமே தெரிஞ்சுபோச்சு எங்க பையன் இல்லன்னு. எப்பிடிச் சாப்பிடுவேன்னு கேட்டேன், சொன்னா. வாய் வச்சதுக்கப்புறம் எழுப்ப மனசு வரல. எங்க வீட்டுக்காரர்தான் பையனத் தேடிப் போயிருக்கார். அவனுக்கென்ன, எங்கயாவது தின்னுட்டுத்தான் இருப்பான்.”

இவர் மகளின் நாற்காலிப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஏம்மா, நீ ஏன் நம்ம மேசைக்கு வரல?”

“வந்தேன்ப்பா. உங்க பின்னாடிதான் நின்னேன். நீங்க எண்ணி, மூணு சரின்னு சொல்லிட்டீங்க. நாற்காலியும் இல்ல. இங்க ஒண்ணு காலியா இருந்துச்சு.”

கோபமோ அழுகையோ அவள் குரலில் இல்லை. அதுதான் அவரை அடித்துப் போட்டது. அவள் கடைசிப் பட்டாணிவரை சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் அங்கிருந்து அசையவில்லை. பிறகு கைக்குட்டையை நனைத்து, அவள் முகத்துச் சாயத்தை மெதுவாகத் துடைத்தார். இடது கண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி மட்டும் போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தார்.

“வலிக்குதுப்பா” என்று அவள் சிரித்தாள். “அது மச்சம்.”