மூங்கில் கீற்றில் படிந்த வழுவழுப்பு

கலஹாவிலிருந்து தினமும் பஸ்ஸில் பேராதனைக்கு வந்து ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். பாத்திரங்களைக் கழுவுவது, தண்ணீரைச் சோதிப்பது, அளவுகளைக் கொப்பியில் எழுதுவது என் பொறுப்பு. மலையில் இருந்துகொண்டு கடல் இறால் வளர்க்கிறோம் என்றதை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் நம்பவில்லை. கடல்நீர் புத்தளத்திலிருந்து நீலக் கேன்களில் வேனில் வரும்.

ஆய்வை நடத்திய மிஸ் யாழ்ப்பாணத்தவர். இறால் குஞ்சுகள் இருந்த இரண்டு தொட்டிகளில் அவர் மூங்கில் கீற்றுகளை நட்டிருந்தார். சில வாரங்களில் அவற்றின் மேல் பழுப்பு நிற வழுவழுப்பு படிந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரக்கும் பிசினால் தங்களை மூடிக்கொள்கின்றன என்று மிஸ் சொன்னார். நான் தலையாட்டினேன். எனக்கு அது அழுக்காகத்தான் தெரிந்தது.

பௌர்ணமிப் போயா லீவுக்கு முதல் நாள், லீவு முடிந்ததும் வெளியாட்கள் பார்க்க வருவார்கள் என்று தகவல் வந்தது. மிஸ் கொழும்பில் இருந்தார். நான் முதல் தொட்டியின் கீற்றுகளைப் பிரஷ்ஷால் தேய்த்து, மூங்கிலின் வெளிர்நிறம் தெரியும்வரை கழுவி மறுபடி நட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் இரண்டாவது தொட்டியைத் தொடவில்லை.

வந்தவர்கள் தொட்டிகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்த வாரம் முதல் தொட்டித் தண்ணீரைச் சோதித்தபோது, மஞ்சளாக இருக்க வேண்டிய குப்பி பச்சையாக மாறியது. இறாலின் கழிவிலிருந்து வரும் அமோனியா ஏறியிருந்தது. குஞ்சுகள் அடியில் அசையாமல் கிடந்தன. இரண்டாவது தொட்டியில் ஒன்றும் ஆகவில்லை.

மிஸ் திரும்பி வந்தவுடனே சொல்லிவிட்டேன்.

"மிஸ், நான்தாங்க கழுவிட்டேன். அழுக்கா இருந்திச்சு, ஆளுங்க வாறாங்கன்னு..."

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "அதைத்தானே இவ்வளவு நாளும் வளத்துக்கொண்டிருந்தனாங்கள். கொப்பியில எழுதினனீங்களோ?"

"இல்லைங்க."

"இப்ப எழுதுங்கோ. எப்ப கழுவினது, எதால தேச்சது, எல்லாம்."

எல்லாவற்றையும் எழுதினேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். ஆனாலும் கேட்டேன்: "கழுவுன தொட்டிதானே மிஸ் கெட்டுப்போச்சு? அதுவே ஒரு ஆதாரம் இல்லீங்களா?"

"ஒரு தொட்டியை வச்சு ஒண்டும் சொல்லேலாது. திருப்பித் துவங்குவம்."

இந்த முறை ஆறு தொட்டிகள். மூன்றில் கீற்றுகளைத் தேய்க்கும் வேலையை மிஸ் எனக்கே தந்தார். தேய்த்தவற்றில் இரண்டில் அமோனியா ஏறியது. ஒன்றில் ஏறவில்லை, ஏனென்று இன்னும் தெரியாது. தேய்க்காத மூன்றும் நன்றாக இருந்தன. இறாலின் கழிவை அந்த வழுவழுப்புப் படலம் எடுத்துக்கொள்கிறது, குஞ்சுகள் அந்தப் படலத்தையே மேய்கின்றன என்பதை அப்போதுதான் கண்ணால் கண்டேன்.

சில மாதங்கள் கழித்து, புத்தளத்தில் இறால் பண்ணை வைத்திருந்த ஒருவர் வந்தார். குளோரின் போட்டு எல்லாவற்றையும் கழுவியும் இறால் சாகிறது என்றார். மிஸ் கேட்டபடி தண்ணீர்க் குழாயின் ஒரு துண்டையும் கொண்டுவந்திருந்தார். அறுத்துப் பார்த்தோம். உள்ளே ஒரே வழுவழுப்பு, நாற்றம் தாங்கவில்லை. அதைச் சோதித்ததில் நோய்க்கிருமிகள் இருந்தன. பிசினுக்குள் இருந்ததால் குளோரின் அவற்றை எட்டவில்லை.

குழாயை மாற்றச் சொன்ன மிஸ், குளத்தில் மூங்கில் நட்டு அதில் படிவதை அப்படியே விடவும் சொன்னார். பண்ணைக்காரர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "என்ன மகள், ஒரு வழுவழுப்ப எடுக்கச் சொல்றீங்க, ஒண்ட வுடச் சொல்றீங்க?"

"குழாய்ல ஒளிஞ்சிருக்கிறது நோயிங்க. அத மாத்திருங்க. குளத்துல மூங்கில நட்டு, அதுல படியிறத மட்டும் தேய்ச்சிறாதீங்க. நான் ஒருக்கா தேய்ச்சுக் கெடுத்தவ" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அடுத்த அறுவடை முடிந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டார். முக்கால்வாசி இறால் தேறியதாம். குழாயாலா, மூங்கிலாலா என்று கேட்டேன்.

"அது தெரியாது மகள். ரெண்டையும் செஞ்சன்" என்றார்.