விற்றுத் தீர்ந்த முதல் பதிப்பு

என் அண்ணன் ஒரு நாவல் எழுதினார். எந்தப் பதிப்பகமும் அதை வாங்கிக்கொள்ளவில்லை என்பதால் தானே அச்சடித்தார். அவர் காலமான பிறகு, பரணில் கிடந்த கட்டுகளைக் கீழே இறக்கினோம். பாதியைக் கரையான் தின்றிருந்தது. அன்றைக்குத்தான், சொந்தக் கைக்காசில் நாவல் போடுகிறவர்களுக்கென்று ஒரு பரிசு ஏற்படுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

தென்னூரில் நான் மருந்துக் கடை வைத்திருந்தேன். புத்தகங்கள் அந்த விலாசத்துக்கே வந்துசேர்ந்தன. படித்துத் தேர்ந்தெடுக்க என்னோடு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பிரபந்தத்தில் ஊறியவர். இன்னொருவர் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை. புத்தகம் பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் அம்மாள். பதிப்பகத்தின் பெயர் போட்ட புத்தகத்தை ஏற்பதில்லை என்பது மட்டும்தான் எங்கள் விதி. அறுபதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தோம். முதல் இரண்டு வருஷமும் வந்தவை பெரும்பாலும் காதல் கதைகள். மூன்றாம் வருஷம் அந்தப் புத்தகம் வந்தது.

எழுதியவர் உறையூர்க்காரர், கைத்தறித் துணிக்கடை ஒன்றில் விற்பனையாளர். வயது முப்பதுக்கு மேல் இருக்கும். கதை கொள்ளிடக் கரைக் கிராமம் ஒன்றில் நடந்தது. பாகப்பிரிவினைத் தகராறில் அண்ணன் தம்பியைக் கொன்று தோட்டத்துக் கிணற்றில் போடுகிறான். தம்பி பினாங்குக்குப் போய்விட்டான் என்று ஊரை நம்ப வைக்கிறான். தண்ணீர் உப்பாகிவிட்டது என்று சொல்லிக் கிணற்றைத் தூர்த்து, அதன்மேல் வாழை வைக்கிறான். தம்பியின் மனைவி பொட்டும் பூவுமாக அந்த வாழைத் தோப்புக்குத்தான் தினமும் தண்ணீர் பாய்ச்சுகிறாள். பினாங்கிலிருந்து யார் திரும்பி வந்தாலும் அவனைப் பற்றி விசாரிக்கிறாள். இவ்வளவுதான் கதை. படித்து முடித்ததும் தலைமையாசிரியை எனக்குச் சொல்லி அனுப்பியது ஒரே வரி: வேறு எதையும் படிக்கத் தேவையில்லை.

கடைசிச் சுற்றுக்கு வந்த மூன்று நாவல்களைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு இரண்டிரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். அது வெளிவந்த வாரத்திலேயே, மத்தியான வேளையில், ஒருவர் என் கடைக்கு வந்தார். நடுத்தர வயது, சலவை வேட்டி, கையில் மஞ்சள் பை. இருமல் மருந்து கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு, பத்திரிகையில் பார்த்தேன், அந்தக் கிணற்றுக் கதை கிடைக்குமா என்றார். விற்பனைக்கில்லை, எழுதியவரிடமே கிடைக்கும் என்றேன். அவரிடம் வாங்கியாகிவிட்டது என்றார். உங்களிடம் எத்தனை பிரதி இருக்கிறது என்று அடுத்த கேள்வி. மூன்று பேருக்கும் ஒவ்வொன்று என்று சொன்னேன். யார் அந்த மற்ற இரண்டு பேர் என்று கேட்டார்; யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் குரலில் அதட்டல் எதுவும் இல்லை. ஆனாலும் அவர் போன பிறகு, கடைக்குள் புழுக்கமாக இருந்ததுபோல எழுந்து போய் வாசலில் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை உறையூர் பஸ் பிடித்தேன். எழுத்தாளர் என்னைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரிப்போடு உள்ளே கூட்டிப் போனார். புத்தகக் கட்டுகள் அடுக்கியிருந்த மூலையைக் காட்டினார்; காலியாக இருந்தது. யாரோ ஒரு பெரிய மனிதர் ஆளும் குதிரை வண்டியும் அனுப்பி மொத்தப் புத்தகத்தையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டாராம். ஏதாவது நூலகத்துக்கு இருக்கும் என்றார் அவர். அச்சகத்துக்கும் அதே ஆள் போய், அச்சுக்குக் கோத்த ஈய எழுத்து இன்னும் கலைக்காமல் இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறார். பிரித்துப் போட்டாயிற்று என்று அச்சகக்காரர் சொல்லியிருக்கிறார். அதையும் இவர் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

நான் நேராகவே கேட்டேன். "இது எங்கயாவது நடந்ததுங்களா?"

"இல்லீங்க. முழுக்க என் கற்பனை. கிணறு, தோப்பு, அந்தப் பொம்பளை எல்லாமே."

"யாராவது சொல்லிக் கேட்டது?"

"சத்தியமா இல்லீங்க. துணி மடிச்சுக்கிட்டே யோசிப்பேன். ஒண்ணொண்ணா வரும்."

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. நடந்ததை எழுதியிருந்தால் யாருக்குக் கோபம் என்று கண்டுபிடித்துவிடலாம். இவரோ ஒன்றும் தெரியாமல் எழுதியிருக்கிறார். எங்கேயோ ஒருவர் அதில் தன்னைப் பார்த்துவிட்டார்.

அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்துக்குப் போனபோது தமிழாசிரியர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். மஞ்சள் பைக்காரர் அவர் வீட்டுக்கும் வந்திருக்கிறார். பெருமாள் சேவித்துவிட்டு வருவதாகச் சொல்லி, பிரசாதம் கொடுத்து, ஒருநாள் படித்துவிட்டுத் தருகிறேன் என்று புத்தகத்தை வாங்கிப் போய்விட்டார். அது திரும்பி வரவில்லை. "எம் பொண்ணு எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கறாள்னு விசாரிச்சுட்டுப் போனார். நன்னா படிக்கட்டும்னார், அவ்வளவுதான். இந்த வருஷம் வேற புஸ்தகத்துக்குக் குடுத்துடலாமே" என்றார்.

தலைமையாசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர்களிடமும் அந்த மஞ்சள் பைக்காரர் போயிருந்தார். புத்தகம் பள்ளி அலமாரியில் பூட்டியிருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். போலீஸுக்குப் போகலாமா என்று கேட்டேன். போய் என்ன சொல்வீர்கள் என்றார்கள். எந்த ஊர், எந்தக் கிணறு, யார் செத்தது? ஒருவர் நாவல் வாங்கினார் என்பது புகாரா? பரிசு அந்தப் புத்தகத்துக்குத்தான், அதை மாற்றுவதானால் நான் விலகிக்கொள்கிறேன் என்று அந்த அம்மாள் முடித்துவிட்டார்கள். அப்படியே தீர்மானித்தோம். தமிழாசிரியர் மறுக்கவில்லை, விழாவுக்கும் வரவில்லை.

விழாவை ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் சாயங்காலம் நடத்தினோம். நாற்பது ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். ஆரம்பித்துச் சற்று நேரத்துக்கெல்லாம் கதர்ச் சட்டை போட்ட ஒரு முதியவர் உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் மஞ்சள் பைக்காரர் நின்றுகொண்டார். தலைமையாசிரியை பேசியது, நான் பேசியது எதையும் முதியவர் கேட்டதாகத் தெரியவில்லை. உறையூர்க்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேடையேறிப் பரிசை வாங்கிக்கொண்டு, என் பிரதியிலிருந்து ஒரு அத்தியாயத்தை வாசித்தார். கிணறு தூர்க்கும் அத்தியாயம். வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருக்கலாம். அதுதான் புத்தகத்தில் சிறந்த பகுதி.

வாசித்து முடித்துக் கைதட்டல் ஓய்ந்ததும் முதியவர் உட்கார்ந்தபடியே பேசினார்.

"தம்பி, கெணத்துல அவன் பெட்டியையும் சேத்துப் போட்ட மாதிரி எழுதியிருக்கீங்களே. அது யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. ஊருக்குப் போனவன்னா பெட்டி வீட்ல இருக்கக் கூடாது இல்லீங்களா? அதனால அப்படி எழுதினேன்."

"ஆமா. இருக்கக் கூடாது" என்றார் முதியவர். பிறகு, "உங்க அம்மாவுக்கு எந்த ஊரு?"

உறையூர்க்காரர் சொன்னார். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம்.

மண்டபத்தில் யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. வயதானவர் சொந்தம் விசாரிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். முதியவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, மேடையை நோக்கிக் கும்பிட்டுவிட்டு, மெதுவாக நடந்து வெளியே போனார். அவருடைய கார் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை நான் அசையவில்லை. தலைமையாசிரியை என் கையிலிருந்த நன்றியுரைக் காகிதத்தை வாங்கி, தானே எழுந்து வாசித்தார்கள்.

நாலைந்து நாள் கழித்து உறையூர்க்காரர் கடைக்கு வந்தார். அப்போது அவர் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. துணிக்கடைக்கு எதிரே ஒரு ஆள் காலையிலிருந்து மாலைவரை நிற்கிறான், கேட்டால் பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்கிறான் என்றார். அங்கே பஸ் நிற்பதே இல்லை. விழாவில் நடந்ததை வீட்டில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு மகனின் கதை என்னவென்று அதுவரை தெரியாது. முழுக் கதையையும் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"சின்னப் புள்ளையில அந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போனா, ஒரு தோப்புப் பக்கம் மட்டும் வரமாட்டேன்னு அழுவேனாம். ஏன்னு யாருக்கும் தெரியாதாம்." கண்ணாடி அலமாரியில் கையை ஊன்றிக்கொண்டார். "எனக்கு எதுவும் ஞாபகம் இல்லைங்க. நான்தான் கற்பனை பண்ணினேன்னு நெனச்சிட்டிருந்தேன். இப்ப அதுவும் நிச்சயமா தெரியல."

அந்தத் தோப்பு யாருடையது என்று அம்மா சொன்னாளா என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டாளாம். மறுபடி கேட்டால் சோறு தின்ன மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

அந்த மாதக் கடைசியில் அவர் குடும்பத்தோடு சேலம் போய்விட்டார். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்திருந்தது. பரிசு இன்னும் இரண்டு வருஷம் நடந்தது. தமிழாசிரியர் திரும்ப வரவே இல்லை. நானும் தலைமையாசிரியையும் மட்டும் படித்தோம். நல்ல புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால் முன்பு வரும் சந்தோஷம் போய், இதைத் தேடி யார் வருவார்கள் என்ற எண்ணம் முதலில் வந்தது. அதற்கடுத்த வருஷம் நான் அறிவிப்புக் கொடுக்கவில்லை. ஏன் என்று அந்த அம்மாளும் கேட்கவில்லை.

கொள்முதல் விஷயமாக ஒருமுறை சேலம் போனபோது அவர் வீட்டைத் தேடிப் போனேன். நன்றாகவே உபசரித்தார். பிள்ளைகளின் படிப்பு, பருத்தி நூல் விலை, அம்மா போன வருஷம் தவறியது என்று பேசினார். எழுதுகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. வீட்டில் ஒரு புத்தகமும் கண்ணில் படவில்லை. நான் புறப்பட்டபோது, பஸ் வரை கூட வருவதாகச் சொல்லி அவர் சட்டை மாட்டிக்கொள்ள உள்ளே போனார். அந்த நேரத்தில் அவர் மனைவி வெளியே வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போனப்புறம் இன்னிக்கு அவங்க ராவெல்லாம் தூங்க மாட்டாங்க. இனிமே வராதீங்க."

சரிம்மா என்று சொல்லிவிட்டு, அவர் வெளியே வருவதற்குள் தெருவில் இறங்கி நடந்தேன்.