இரண்டு வருஷமாக வாசலில் நிற்பவர்

போன ஞாயிற்றுக்கிழமை கனடாவின் ஸ்காபரோவில் ஓர் அப்பார்ட்மென்டில், அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பொன்றைத் தமிழில் வாசித்துச் சொல்லப் போயிருந்தேன். கேட்க இருந்தவர் யோகம் – பெயரை மாற்றியிருக்கிறேன் – தையல் ஃபக்டரியில் வேலை செய்பவர். தீர்ப்பு, நியூயோர்க்கில் இரண்டு வருஷமாக அடைபட்டிருக்கும் அவருடைய கணவரைப் பற்றியது.

கொழும்பிலிருந்து கனடாவுக்கு வரும் வழியில் அந்த மனிதர் நியூயோர்க்கில் இறங்கினார். கையில் இருந்தது வேறொருவரின் பாஸ்போர்ட். அதை அதிகாரியிடம் அவரே சொல்லி அடைக்கலம் கேட்டார். விலங்குதான் கிடைத்தது. அகதி மனுவும் தள்ளுபடி. கடைசியாக, தடுப்புக்காவலில் இருந்தாவது விடுங்கள் என்று ஒரு வழக்கு.

எந்த மனிதரின் சுதந்திரத்தையும் முறையான விசாரணை இல்லாமல் பறிக்கக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியலமைப்பு. 'மனிதர்' என்றுதான் இருக்கிறது, 'பிரஜை' என்று இல்லை. அது போதாதா?

போதாதாம். நீதிபதி பழைய தீர்ப்புகளை அடுக்கியிருந்தார். சட்டத்தில் 'நுழைவது' என்றால் உடம்பு உள்ளே வருவதல்ல. விமான நிலையத்தில் மறிக்கப்பட்டவர் எத்தனை வருஷம் அங்கே சிறையில் கிடந்தாலும், இன்னும் வாசலில்தான் நிற்கிறார். வாசலில் நிற்பவருக்கு அரசு என்ன விசாரணை கொடுக்கிறதோ, அதுவே முறையான விசாரணை.

"அவருக்கு வயித்திலை ஒப்பரேஷனும் அங்கைதானே செய்தவை?" என்றார் யோகம். "அப்ப அந்த மனுசன் எங்கை இருக்கிறார், அண்ணை?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். ஒன்றல்ல, இரண்டு.

"அங்கிள், ஒரு பேஜ் ஸ்கிப் பண்ணிட்டீங்கள்." பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், தாளை வாங்கி வாசித்தாள். "ஒளிச்சு வந்து பிறகு பிடிபட்ட ஆக்கள் என்டர் பண்ணின ஆக்களாம், அம்மா. அவைக்கு மோர் ரைட்ஸ் இருக்காம்."

யோகம் மகளின் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"ஒளிக்காதேங்கோ, ஒபிசரிட்டை உள்ளதைச் சொல்லுங்கோ எண்டு ஃபோனிலை சொன்னது நான்தான்."

அது எனக்குத் தெரியும். அதனால்தான் தாண்டினேன்.

"ஏன் அண்ணை விட்டனீங்கள்?"

"நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு..."

"தாங்கிறதும் தாங்காததும் என்ரை பாடு. முதல்லை இருந்து வாசியுங்கோ."

பதினொரு பக்கத்தையும் திரும்ப வாசித்தேன். ஒரு சொல் விடவில்லை. சட்டத்துக்கு அர்த்தம் சொல்ல நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. ஒரு பெண்ணின் தலைவிதியில் ஒரு பக்கத்தை மறைக்க எனக்கு யார் அதிகாரம் தந்தது?

வியாழக்கிழமை யோகத்தின் கணவரைக் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். ஏற்றுவதற்கு முன் வீட்டுக்கு ஒரு ஃபோன் கோல் எடுக்க விட்டார்களாம். அன்று பின்னேரம் யோகம் என்னைக் கூப்பிட்டார்.

"கொழும்பிலை இறங்கினா அங்கத்தை ஒபிசரிட்டை என்ன சொல்லுறது எண்டு கேட்டவர், அண்ணை."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அழுதுகொண்டு நிண்டன். கோல் முடிஞ்சுது."

இதை எழுதும்வரை அந்த மனிதரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.