மேல் கூடை, கீழ் கூடை

வெள்ளிமலை சுபலட்சுமியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அந்தத் தவறைத்தான் சொல்வார்கள். கடலூர் வரை போய், எதிரணிக்குக் கூடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் ரம்யா. கள்ளக்குறிச்சியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குக் கேப்டன். அணி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏழு பேர், இரண்டு பந்து, டயர் கடை தனசேகரன் அண்ணனின் வேன், அவ்வளவுதான். அவர்தான் மேனேஜர். அவர் பந்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். புள்ளிதான் அவருக்கு ஆட்டம்.

சுபலட்சுமி எங்களோடு சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கல்வராயன் மலை மேலே இருக்கும் வெள்ளிமலையில் அப்பா செல்லனுக்கும் அம்மா சாமியம்மாளுக்கும் கூடமாட இருந்து சாமையும் மரவள்ளியும் பார்க்கிறவள். ஞாயிறு காலை முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கி வருவாள், ஆடுவாள், மறுபடி மலையேறிப் போவாள். "எதுக்குடி இவ்ளோ தூரம் வந்துக்கினு இருக்கிற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங்க ஊர்ல ஒத்தக் கூடைதான்க்கா இருக்குது. இங்க ரெண்டு இருக்குது. இங்கேர்ந்து அங்க ஓடலாம்ல?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

கடலூர் அவளுக்கு முதல் வெளியூர் ஆட்டம். மைதானத்தில் இறங்கியதும், "நம்ம கூடை எதுக்கா?" என்று கேட்டாள். "அதோ வேப்பமரத்துப் பக்கம் இருக்குது பாரு, அதுல போடு" என்று காட்டினேன். பாதி ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் பக்கம் மாற வேண்டும், அது விதி. எங்கள் ஊர்ப் பயிற்சியில் நேரம் கம்மி என்பதால் பக்கம் மாறுவதே கிடையாது. அதை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பக்கம் மாறிய கொஞ்ச நேரத்தில் எதிரணிப் பெண் அடித்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. சுபலட்சுமி எழும்பினாள். தன்னைவிட ஒரு சாண் உயரமான இரண்டு பெண்களின் தலைக்கு மேலிருந்து பந்தைப் பறித்தாள். கால் தரையில் பட்டதும் மறுபடி எழும்பி அதைக் கூடைக்குள் போட்டாள். வளையத்தில் படாமல், வலை மட்டும் ஆடியது. அவ்வளவு அழகான கூடையை அன்று எங்கள் அணியில் வேறு யாரும் போடவில்லை. என்ன செய்வது, வேப்பமரத்துக் கூடை அப்போது நாங்கள் காக்க வேண்டிய கூடை.

கூட்டம் கைதட்டியது. அவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தபடி எங்கள் பக்கம் திரும்பினாள். எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் கை இறங்கியது. "இன்னாடி பண்ணிட்ட?" என்று கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

எழுபத்து நாலுக்கு இருபத்திரண்டு. அதைத் தோல்வி என்று சொல்வதே மரியாதைக்குத்தான்.

திரும்பி வரும்போது வேனின் முன் சீட்டில் உட்கார்ந்து தனசேகரன் அண்ணன் வழக்கம்போல ஒவ்வொருவர் ஆட்டத்தையும் படித்தார். "ரம்யா பத்து. இலக்கியா ஆறு. தனுஷா நாலு. அம்சவள்ளி ரெண்டு." கொஞ்சம் நிறுத்தினார். "சுபலட்சுமியும் ரெண்டு. ஆனா நமக்கு இல்ல, அவங்களுக்கு." வேனில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு வருகிற நிலைமையில் யாரும் இல்லை, இருந்தும் சிரித்தோம். சுபலட்சுமி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சியில் இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகப் போகும் மலை பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. போன் போட்டால் மலையில் எப்போதும்போல டவர் இல்லை.

"போனா போவட்டும் வுடும்மா" என்றார் தனசேகரன் அண்ணன். "களமருதூர்ல ஒரு பொண்ணு இருக்குது, நல்ல ஒசரம். அதே கடலூர் டீமு இந்த மாசக் கடைசியில நம்ம கிரவுண்டுக்கு வருது. அந்தப் பொண்ண எறக்கிடலாம்."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு, இலக்கியாவின் அண்ணன் போனில் எடுத்திருந்த ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுப் பார்க்கும் வரை.

நான் பார்க்க உட்கார்ந்தது என்னைத்தான். என் ஷாட் ஏன் உள்ளே போகவில்லை என்று தெரிய வேண்டும். பார்க்கப் பார்க்கக் கண் என்னை விட்டுவிட்டு அவளிடம் போய்விட்டது. எதிரணி அடித்து உள்ளே போகாத பந்துகள் வளையத்தில் பட்டு இடப்பக்கம், வலப்பக்கம், பின்பக்கம் என்று கண்ட பக்கம் தெறித்தன. அவள் இருந்த இடத்தில் ஒன்றுகூடத் தரையைத் தொடவில்லை. பந்து வளையத்தில் படுவதற்கு முன்பே அவள் அது விழப்போகும் இடத்துக்கு நடக்க ஆரம்பித்திருந்தாள். ஓடக்கூட இல்லை, நடந்தாள். போய் நின்று, எழும்பி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் பிடித்துக் கொடுத்த பந்தையெல்லாம் நாங்கள்தான் விதவிதமாகத் தொலைத்திருந்தோம். எழுபத்து நாலு அப்படி வந்த எழுபத்து நாலு.

கடைசி நிமிடம். ஐம்பது புள்ளி பின்னால் இருக்கிறோம். நான் இடுப்பில் கை வைத்து நிற்பது வீடியோவில் நன்றாகவே தெரிகிறது. பந்து ஒன்று கோட்டைத் தாண்டி வெளியே போகிறது. போனால் யாருக்கு என்ன? சுபலட்சுமி பாய்ந்து, காற்றிலேயே அதைப் பிடித்து உள்ளே எறிந்துவிட்டு, சிமெண்டுத் தரையில் விழுந்து புரண்டாள். அத்தனை பேர் சிரித்த அந்தக் கூடைக்குப் பிறகு, தோற்றது தோற்றதுதான் என்று ஆன பிறகு. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

மறுநாள் லேபில் லீவு சொல்லிவிட்டு இலக்கியாவையும் இழுத்துக்கொண்டு மலையேறினேன். வளைவுக்கு வளைவு இலக்கியா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். வெள்ளிமலையில் இறங்கி விசாரித்தால், வழி சொன்ன ஒருவர்கூட இடது வலது என்று சொல்லவில்லை. "கீழ ஒரு டீக்கடை வரும், அதுக்கு மேல போங்க" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

சாமியம்மாள் அம்மா வாசலில் மரவள்ளி சீவிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் சிரித்தார். "எதிராளி எலையில சோத்தப் போட்டுட்டு வந்துட்டேன்னு இவ ஒரு வாரமா மொகத்தத் தூக்கி வெச்சிக்கினு இருக்கறா. கிரவுண்டுலதான் இருப்பா, போய்ப் பாருங்க."

கிரவுண்டு என்பது ஒரு சிமெண்டுத் திட்டு. ஒரு கம்பம், ஒரு கூடை. இரண்டு கம்பம் வரவேண்டியதில் ஒன்றுதான் வந்ததாம். இன்னொன்று எங்கே போனது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லை. சிமெண்டு முடிகிற இடத்தில் சரிவு தொடங்கிவிடுகிறது. சாமைக் கொல்லை, அதற்குக் கீழே புதர், அதற்கும் கீழே ஓடை. தடுக்க ஒரு கம்பிவேலிகூட இல்லை. சுபலட்சுமியும், ஜீப் ஓட்டும் அவள் சித்தப்பா மகன் ராஜேஷும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எங்களைப் பார்த்ததும் அவள் பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள். "குடு, ஒரு ஆட்டம் ஆடலாம்" என்று பந்தை வாங்கி அடித்தேன். அது வளையத்தில் பட்டுத் தெறித்து என் தலைக்கு மேலே போய்ச் சரிவில் உருண்டது.

"வுட்டவங்கதான் எறங்கிப் போய் எடுத்தாரணும்ங்க. இங்க சட்டம் அதான்" என்றான் ராஜேஷ் பணிவாக.

இறங்கினேன். பந்து சாமைக் கொல்லையில் நிற்கவில்லை, புதரிலும் நிற்கவில்லை. ஓடைக் கல்லிடுக்கில் கிடந்ததை எடுத்துக்கொண்டு ஏறும்போது மூச்சு நெஞ்சை அடைத்தது, கையெல்லாம் முள் கிழித்திருந்தது. பாதி வழியில் நின்று மேலே பார்த்தேன். சின்ன வயதிலிருந்து இந்தத் திட்டில் ஆடியிருக்கிறாள் இவள். ஒரு பந்தை விட்டால் இவ்வளவு தூரம் இறங்கி ஏறியிருக்கிறாள். பிறகு விடாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை, இந்தச் சரிவுதான் சொல்லித் தந்தது. பிடித்த பந்தை இருக்கிற ஒரே கூடையில் திரும்பப் போடுவதும் இங்கே வந்த பழக்கம்தான். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. கண்தான் கலங்கியது.

மேலே வந்து கேட்டேன், "ஏண்டி வரல?"

"மறுபடியும் மாத்திப் போட்டுட்டன்னா? பந்து கைக்கு வந்துட்டா எனக்கு எந்தக் கூடை யாருதுன்னே கொழம்பிப் பூடுதுக்கா. இங்கன்னா மேல, கீழன்னு சொன்னா ஒடம்பே திரும்பிக்கும். அங்க எல்லாம் ஒரே மட்டமா இருக்குது."

அந்த வார்த்தையில்தான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் மைதானத்தை யாரோ கிழக்கு மேற்காகப் போட்டு வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஆனால் வெயில் கண்ணில் அடிக்கும், கட்டினவனை நாங்கள் திட்டாத நாளில்லை. ஆனால் மேற்குக் கூடைக்குப் பின்னால், தெளிவாக இருக்கும் நாளில், கல்வராயன் மலை நீலமாகத் தெரியும்.

"நம்ம கிரவுண்டுலேர்ந்து மலை தெரியுதா இல்லியா?"

"தெரியுது."

"அப்ப அந்தக் கூடை மேல. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கூடை கீழ. பந்து உன் கைக்கு வந்ததும் நாங்க சொல்றோம்."

அவள் பந்தை ஒரு தரம் தரையில் தட்டிப் பிடித்தாள். "கூட்டத்துல காதுல வுழுமா?" என்றாள்.

"என் வாயப் பத்தித் தெரியாதா உனக்கு?" என்றேன். அந்த வாரத்தில் அவள் முதல் தடவையாகச் சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

தனசேகரன் அண்ணனிடம் வீடியோவைக் காட்டினேன். "புள்ளி எங்கம்மா?" என்றார். மன்றாடிய பிறகு ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். மாற்றி ஒரு கூடை போட்டால் அதோடு சரி, அப்புறம் களமருதூர்ப் பெண்தான். அதை அவளிடமே நேராகச் சொல்லியும்விட்டார். அவள் தலையாட்டினாள். மாற்றிப் போட்டால் மலைக்கு, அந்த ஒற்றைக் கூடைக்குத் திரும்ப வேண்டியதுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆட்டத்தன்று வானம் தெளிவாக இருந்தது. அவள் வந்ததும் முதல் வேலையாக மேற்கே பார்த்தாள். முதல் பாதியில் எங்களுக்கு மேல் கூடை. அவள் பந்தைப் பிடிப்பாள், "மேல!" என்று கத்துவோம், பந்து மேற்கே பறக்கும். கூட்டத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்களும் கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

பக்கம் மாறினோம். இப்போது மலைப் பக்கத்துக் கூடையைக் காக்க வேண்டும். எதிரணிப் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது, சுபலட்சுமி எழும்பிப் பறித்தாள். கடலூரில் பிடித்த அதே மாதிரி. தரையில் கால் பட்டது, முழங்கால் மடங்கியது, கூடையைப் பார்த்து மறுபடி எழும்பிவிட்டாள். அவள் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. பந்து கையை விட்டுக் கிளம்ப ஒரு கண்ணிமைப்பு இருந்தது.

"கீழ!" என்று கத்தினேன். நான் மட்டுமல்ல, இலக்கியா, தனுஷா, அம்சவள்ளி, மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரும்.

அவள் காற்றிலேயே திரும்பினாள். அப்படி ஒருத்தர் திரும்ப முடியும் என்று நேரில் பார்க்காவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன். திரும்பின வேகத்திலேயே ஒற்றைக் கையால் பந்தை வீசினாள். மைதானம் முழுவதையும் தாண்டிப் போய், ஓடிக்கொண்டிருந்த இலக்கியாவின் கையில் விழுந்தது. இலக்கியா அதைக் கூடையில் போட்டுவிட்டு, தானே நம்பாமல் நின்றாள். எதிரணியின் கோச்சு எழுந்து நின்று கைதட்டினார்.

அந்த ஆட்டத்திலும் தோற்றோம். நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தாறு. கடலூரில் ஐம்பத்திரண்டு புள்ளியில் தோற்ற அதே அணியிடம் மூன்று புள்ளியில்.

வேனின் கதவில் சாய்ந்துகொண்டு தனசேகரன் அண்ணன் படித்தார். "ரம்யா பத்தொம்பது. இலக்கியா பதினாலு. தனுஷா எட்டு. அம்சவள்ளி அஞ்சு." நிறுத்தினார். சுபலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, எந்தக் கூடையிலும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சுபலட்சுமி" என்றார். "பந்து தரையில வுழல."

வேன் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்த மாசம் விருத்தாசலத்துல மேட்சு. நீ மொத பஸ்ல வந்துடு, நேரா கெளம்பிடலாம்" என்றார்.

அவள் நிமிர்ந்து, மேற்கே மங்கிக்கொண்டிருந்த மலையை ஒரு முறை பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அங்கேர்ந்து மலை தெரியுமாக்கா?"

"தெரியாது" என்றேன். "நாங்க சொல்றோம்."