முள்ளுக்குள் ஒரு வழி

கோட்டுச்சேரிக்குக் கிழக்கே, கடலை ஒட்டி ஒரு சவுக்குத் தோப்பு. அதன் நடுவில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை வீட்டில் தையல்நாயகியும் அவள் கணவன் பஞ்சநாதனும் காவலுக்கு இருந்தார்கள். புதரை அழிப்பதும், வெட்டிய கருவை மரத்தை விறகாக்கி டீக்கடைகளுக்குக் கொடுப்பதும்தான் இருவருக்கும் பிழைப்பு. மழைக்கு முன்னால் வீட்டைச் சுற்றிலும் சுத்தம் செய்துவிடுவார்கள். போன வருஷம் பஞ்சநாதன் சர்க்கரை கூடிப் படுத்துவிட்டதால் அது நடக்கவில்லை. கருவை முள் வாசல்வரைக்கும் வந்துவிட்டது.

கார்த்திகையில் புயல் அடித்தது. விடிந்து பார்த்தால், ரோட்டுக்குப் போகும் வண்டிப்பாதை முழுக்கச் சவுக்கு மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. பஞ்சநாதன் கோடாலியை எடுத்தான்.

"நீங்க ஒக்காருங்க. யாராச்சும் வந்து பாப்பாங்க."

"நம்மள யாரு தேடி வரப்போறா?" என்று அவன் இறங்கிவிட்டான்.

வில்லாக வளைந்து கிடந்த ஒரு கிளையில் அவன் ஒரு போடு போட்டதும் அது விடுபட்டு விசிறி அடித்தது. கோடாலி நழுவி, முழங்காலுக்குக் கீழே எலும்புவரை இறங்கியது.

தையல்நாயகி புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். கட்டு உடனே நனைந்தது. இன்னொன்று கட்டினாள். போனில் டவர் இல்லை. அவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் வாசலில் சாய்த்து, காலை உயர்த்தி வைத்தாள். மரங்களை அறுத்து வழி செய்வது அவளால் ஆகாது. கருவைக்குள் புகுந்தால்தான் ரோடு.

"என்னய விட்டுட்டுப் போவாத தையலு."

"வெட்டிக்கிட்டே போறேன். நீங்க கொரல் குடுத்துக்கிட்டே இருங்க."

கவைக்கோலால் முள்கிளையை இழுத்துப் பிடித்து, அடியில் அரிவாளைப் போட்டு, ஒதுக்கித் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனாள். முள் செருப்பைத் துளைத்து ஏறியது. கன்னத்தில் கிழித்தது. பிடுங்கிப்போட நேரமில்லை. காலுக்குக் கீழே மழைத்தண்ணீர் நின்றது.

"என்னங்க," என்று அவ்வப்போது கத்துவாள். "ம்" என்று வரும். பிறகு அதுவும் தேய்ந்தது. ஒருமுறை கூப்பிட்டாள், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். காற்றுதான் சவுக்குக்குள் இரைந்தது.

நின்றாள். திரும்பிப் போனால் அவன் தலையை மடியில் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் முடியும். முன்னால் முள் இன்னும் தீரவில்லை. வாய்விட்டு அழுதுகொண்டே அரிவாளை ஓங்கினாள். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவே இல்லை. பதில் வராதது காதில் விழுந்துவிடுமோ என்று பயம்.

ரோட்டில் மரியசூசை என்பவர் நாலைந்து பேரோடு மெஷின் ரம்பத்தால் விழுந்த மரங்களை அறுத்துக்கொண்டிருந்தார். புதருக்குள்ளிருந்து உடம்பெல்லாம் ரத்தக்கீறலோடு ஒரு பெண் வெளியே வந்ததைப் பார்த்து மெஷினை நிறுத்தினார்.

"எங்க வீட்டுக்காரரு உள்ள கெடக்குறாரு," என்றாள். வந்த வழியைக் கைகாட்டினாள்.

அவள் வெட்டிய வழி ஓர் ஆள் நுழையும் அகலம்தான். கட்டிலில் வைத்துத் தூக்கிவர முடியாது. மரியசூசை பஞ்சநாதனை முதுகில் போட்டுக்கொண்டு அதே வழியாக வந்தார். உயிர் இருந்தது.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. கடைசியில் முழங்காலோடு காலை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே, கண் தெளிந்து பேச ஆரம்பித்த அன்றே, அவன் கேட்டது இதைத்தான்.

"நான் கூப்புட்டுக்கிட்டேதான் இருந்தேன். நீ ஏன் வரல?"

"எனக்குக் கேக்கலங்க."

"கேட்டிருந்தா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "வந்திருப்பேன். ரெண்டு பேரும் அங்கேயே கெடந்திருப்போம்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

தோப்புக்கு வேறு காவலாளி வந்துவிட்டான். இப்போது காரைக்கால் பக்கம் தலத்தெருவில் தையல்நாயகியின் தம்பி வீட்டுப் பின்கட்டில் இருக்கிறார்கள். செயற்கைக் கால் பொருத்த அளவெடுக்கக் கூப்பிட்ட நாளில் பஞ்சநாதன் எழுந்திருக்கவில்லை. "பொறவு பாப்பம்," என்றான். காலி மனைகளில் கருவை வெட்ட ஆள் வேண்டும் என்று யாராவது சொன்னால் அவள் போகிறாள். சாப்பாட்டை அவன் கைக்கு எட்டும்படி மூடி வைக்கிறாள். அவன் பேசுவானா என்று கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள்.