சேவல் கொடுத்த நிறம்

முட்டை பழுப்பாக இருந்தால் அது பங்களா முட்டை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோழிகள் வெள்ளையாகப் போடும். தோட்டத்தை நடத்தும் துரை கொழும்பிலிருந்து கொண்டுவந்த சிவப்புச் சீமைக்கோழிகள் பழுப்பாகப் போடும். எல்லாம் தீனியால் வருவது என்றுதான் நினைத்திருந்தோம்.

அதனால் யட்டியாந்தோட்டைக் கடையில் என் மனைவி விற்ற பழுப்பு முட்டைகளைப் பங்களா சமையல்காரர் கண்டபோது, அவருக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. என் மனைவி பங்களா வாசல் கூட்டுகிறவள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்தரமே அவர் லயத்துக்கு வந்துவிட்டார்.

"வாசலக் கூட்டச் சொன்னா, கோழிக்கூட்டையும் சேத்துத் தொடச்சிட்டியா?"

"எங்க கோழி போட்டதுங்க, அப்பு."

"உங்க கோழி தின்கிறது பழைய சோறு. அதுல இந்த நிறம் வருமா?"

புதன்கிழமை துரை விசாரிப்பார், அதுவரை பங்களாப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். களவு என்று முடிவானால் எங்கள் இரண்டு பேருக்கும் வேலையிலிருந்து நீக்கும் பற்றுச்சீட்டுக் கொடுத்து, லயத்தைக் காலி செய்யச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

உண்மை எனக்குத் தெரியும். முந்தின வருஷம், சமையல்காரர் தூங்கும் நடுப்பகலில், எங்கள் கறுப்புப் பெட்டையைச் சாக்கில் போட்டுக்கொண்டு பங்களா வேலிக்குள் இருந்த சிவப்புச் சேவலிடம் விட்டவன் நான்தான். நல்ல உடம்புள்ள குஞ்சு வேண்டும் என்று என் மனைவி கேட்டாள். நாலு நாள் அப்படிக் கொண்டுபோனேன். பொரித்ததில் கழுத்து மட்டும் சிவந்த இரண்டு கறுப்புப் பெட்டைகள் தங்கின. ஒன்று பழுப்பாக முட்டையிட்டது. மற்றது ஏறக்குறைய தாயைப் போலவே வெள்ளையாக இட்டது. ஒரே சேவல், ஒரே தாய், ஒரே சோறு. யார் நம்புவார்கள்?

"நீங்கதான் சொல்லணும்," என்றாள் அவள். "சேவலுக்கு விட்ட கதைய நான் எப்படி தொரைகிட்டப் பேசுவேன்?"

சரி என்றேன். திங்கட்கிழமை துரை ரப்பர் ஷீட் பார்க்க நான் வேலை செய்யும் ஃபெக்டரிக்கு வந்தார். கை நீட்டினால் தொடும் தூரம். நான் தலையைக் குனிந்தபடி உருளையில் ஷீட்டைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான்.

புதன்கிழமை விடியற்காலையில் அவள் பழுப்பு முட்டையிடும் பெட்டையைப் பிடித்து விரலால் தொட்டுப் பார்த்தாள். "முட்ட இருக்கு. தொரை கண்ணு முன்னாலயே போடட்டும்," என்றாள். கூடையில் வைக்கோலோடு வைத்துப் பங்களாவின் பின்வாசலுக்குக் கொண்டுபோய்த் தரையில் கவிழ்த்தோம்.

துரை மலையில் வேலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சமையல்காரர், சாட்சிக்கென்று கடையில் வாங்கிய இரண்டு முட்டைகளைத் தட்டில் வைத்திருந்தார்.

"கூடைக்குள்ளேயே ஒண்ண ஒளிச்சு வெச்சிருப்பா, தொரை."

அவள் கூடையைத் தூக்கி, வைக்கோலை உதறிக் காட்டி, மறுபடி மூடினாள்.

புது இடம். கோழி உட்காரவில்லை. கூடைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தது. நேரம் போனது. துரை எழுந்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தொரைங்களே, அதோட தகப்பன் உங்க சேவல்," என்றேன்.

"என்ன?"

சாக்கு, வேலி, நடுப்பகல், எல்லாவற்றையும் என் கால்விரலைப் பார்த்தபடியே சொன்னேன்.

"அப்ப அதுவும் களவுதானே!" என்றார் சமையல்காரர்.

துரை கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "சேவல் முட்டை போடுமா?"

"போடாதுங்க. ஆனா மகளுக்கு நிறத்தக் குடுத்திருக்குங்க. முழுசா இல்லங்க. தாய் வெள்ளை. அதனால பாதி."

துரை மறுபடி உட்கார்ந்தார். கோழியும் எப்போதோ உட்கார்ந்திருந்தது. அது கொக்கரித்து எழுந்தபோது, துரையே கூடையைத் தூக்கி முட்டையை எடுத்தார்.

தன் கோழிக்கூட்டிலிருந்து ஒரு முட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்தார். அது புகை அறையில் நாள்கணக்கில் கிடந்த ரப்பர் ஷீட்டின் நிறம். எங்களுடையது ஒருநாள் மட்டும் புகை கண்ட ஷீட்டின் நிறம். பருத்த முனையில் பொடிப்புள்ளிகள். கடையில் வாங்கிய இரண்டிலும் அதே வெளிர் நிறம், அதே புள்ளிகள். சமையல்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வேலைக்கு வா," என்று துரை அவளிடம் சொன்னார். என்னிடம், "இனிமே கேட்டுட்டுக் கொண்டு வா," என்றார்.

திரும்பும் வழியில் அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். லயம் தெரிந்ததும் நின்றாள்.

"இத திங்கக்கெழமையே சொல்லியிருக்கலாங்க," என்றாள். "ரெண்டு நாளா பீலியில தண்ணி பிடிக்கப் போனா, எம்பக்கத்துல யாரும் குடத்த வெக்கல."



அன்று சாயந்தரம் குடத்தை நானே எடுத்துக்கொண்டு, ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போனேன். ஆம்பிளைகள் தண்ணீருக்குப் போகிற வழக்கம் இல்லை. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கோழியைச் சாக்கில் கொண்டுபோன கதையை அங்கேயும் ஒருமுறை, முதலிலிருந்து, நின்று சொன்னேன்.