அண்ணாச்சியின் டம்ளர்

தில்லி துவாரகா பகுதியில் இருக்கும் என் வீட்டில், புத்தக அலமாரியின் மேல்தட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. விளிம்பில் சின்ன நசுங்கல். அதில் தண்ணீர் இருந்தது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவைக்கும் காரணம் என் வயிற்றெரிச்சல்.

அண்ணாச்சிக்கும் எனக்கும் தில்லி அரசு அலுவலகம் ஒன்றில் அடுத்தடுத்த மேஜை. அவர் திருநெல்வேலிக்காரர், நான் கும்பகோணம். அந்தத் தளத்தில் தமிழ் தெரிந்த வேறு ஆள் கிடையாது. யார் ஓய்வு பெற்றாலும் சமோசாவுக்கு முன்னால் இரண்டு பேர் பேசுவது எங்கள் அலுவலக வழக்கம். அந்த இரண்டு பேர் எப்போதும் நாங்கள்தான். பேச்சுக்கலை பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தவன் நான். பேசுகிறவன் மேல் நம்பிக்கை வரவேண்டும், கேட்கிறவன் மனம் இளகவேண்டும், சொல்வதில் நியாயம் இருக்கவேண்டும். இந்த மூன்றும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பாடம் இருந்து என்ன? ஓய்வு பெறுகிறவரின் பதவி உயர்வுகளைச் சுத்தமான இந்தியில் வரிசையாக அடுக்குவேன். நியாயமாகத்தான் இருக்கும். சபை சமோசாத் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அண்ணாச்சியின் இந்தியில் ஆண்பால், பெண்பால் எல்லாம் ஒரே குடும்பம். எழுந்ததும் அதற்கே மன்னிப்புக் கேட்பார், நம்பிக்கை வந்துவிடும். பிறகு ஒரு சின்ன விஷயம் சொல்வார். டிசம்பர் குளிரில் எங்கள் கண்காணிப்பாளர் தன் ஹீட்டரைப் பியூனின் காலடிப் பக்கம் நகர்த்தி வைத்தது, அந்த மாதிரி. "இனிமேல் யார் நகர்த்துவார்?" என்பார். கொஞ்சம் பொறுத்து அதையே மறுபடியும் கேட்பார். குரல் அடைத்துக்கொள்ளும். டம்ளரை எடுத்து அண்ணாந்து ஒரு மடக்கு குடிப்பார். அந்த மௌனத்தில்தான் சபை மூக்கைச் சிந்தும். ஒருநாள் கூட்டம் கலைந்ததும், தாகமாக இருக்கிறதே என்று அந்த டம்ளரை எடுத்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"அண்ணாச்சி, இதுல தண்ணியே இல்லையே?"

"தண்ணி எதுக்குவே? அவங்களுக்கு அழ நேரம் குடுக்கணும்லா," என்றார், சமோசாவைப் பிட்டுக்கொண்டே.

நான் அலமாரி அலமாரியாகத் தேடியதை இந்த மனுஷர் ஒரு காலி டம்ளரில் வைத்திருந்தார். அன்றிரவு எனக்குச் சமோசாவும் செரிக்கவில்லை, அதுவும் செரிக்கவில்லை.

நான் விருப்ப ஓய்வு வாங்கியபோது எனக்காகப் பேச அவர் ஒருவர்தான் மிச்சம். என் பிரிவுபசாரத்திலாவது அந்த வித்தை பலிக்கக்கூடாது, நான் அழக்கூடாது என்று முடிவு செய்தேன். யாரும் பார்க்காதபோது டம்ளரில் கால்வாசி தண்ணீர் ஊற்றினேன். நிறைய ஊற்றினால் எடை காட்டிக்கொடுத்துவிடும். பேச்சு வழக்கம்போலப் போனது. மன்னிப்பு. பிறகு, அவர் மனைவி ஊருக்குப் போன நாட்களில் என் டப்பாவில் அவருக்கும் சேர்த்துச் சாதம் வந்த கதை. "இனிமேல் யார் கொண்டுவருவார்?" மறுபடியும் அதே கேள்வி. டம்ளரை அண்ணாந்து சாய்த்தார். தண்ணீர் மூக்கில் ஏறி, இருமி, சட்டையெல்லாம் நனைந்தது. நான் மனசுக்குள் கைதட்டிக்கொண்டேன்.

அண்ணாச்சி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இந்தியை விட்டுவிட்டார்.

"வே, இத்தன வருசமா எல்லாரும் என் பேச்சத்தான் கேட்டாங்க. கையில என்ன இருக்குன்னு பாத்த ஒரே ஆளு நீருதான். இனிமே நான் யாருக்குவே பேசணும்?"

தமிழில் ஒரு வார்த்தைகூடப் புரியாத சபை மொத்தமும் அழுதது. பஞ்சாபி ஸ்டெனோ அம்மாள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். அது நிஜமா, அந்த நொடியில் பிறந்த புது வித்தையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமலே நானும் அழுதேன், அழுதுகொண்டே பொறாமைப்பட்டேன். கிளம்பும்போது டம்ளரைச் செய்தித்தாளில் சுற்றி என் பையில் திணித்து, "வச்சுக்கிடும்," என்றார்.

போன மாதம் எங்கள் அடுக்ககத்தில் வேலையை விட்டுப் போகும் காவலாளிக்காக நான் பேசினேன். டம்ளரையும் எடுத்துப் போயிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். சின்ன விஷயம் சொன்னேன். "இனிமேல் யார்?" என்று இரண்டு முறை கேட்டேன். குரலை அடைத்துக்கொண்டு, அண்ணாந்து டம்ளரைச் சாய்த்தேன். அந்த மௌனத்தில் முன்வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, அது காலி டம்ளர். பாட்டில்ல தண்ணி இருக்கு, ஊத்தட்டுமா?"

சபை சிரித்தது. அண்ணாச்சியாக இருந்தால் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டே எல்லாரையும் அழ வைத்திருப்பார். நான் சமோசா எடுக்கப் போனேன்.